டிவிடி போட்டுத் தருகிறேன் என்பவரிடம் முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்காதீர்கள்

பாட்டி பேசியதையெல்லாம் நானும் தம்பியும் சில வருடங்களாக ஃபோனில் எடுத்து வைத்திருந்தோம். 41 ஃபைல், எல்லாம் சேர்த்து சுமார் 6 மணி நேரம், 12 ஜிபி. அம்மாவுக்கு ஃபோனில் பார்ப்பது ஆகாது. டிவிக்குக் கீழே இருக்கிற பழைய டிவிடி பிளேயரில் போட்டுக் கொடுத்தால்தான் உட்கார்ந்து பார்ப்பார். சரி, டிஸ்க்காகவே மாற்றி சித்தி வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் ஒரு செட் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். வேலை நெருக்கடியில் நானே உட்கார முடியாமல், இதையே தொழிலாகச் செய்கிறேன் என்ற ஒருவரிடம் பென்டிரைவைக் கொடுத்தேன். "எந்த பிளேயர்லயும் ஓடும் சார்" என்றார். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். நான் செய்த முதல் தப்பு அது.

ஒரு வாரம் கழித்து செட்டுக்கு 3 டிஸ்க் வந்தது. மேலே பாட்டி படம் அச்சிட்ட பேப்பர் ஸ்டிக்கர், பார்க்க அழகாகத்தான் இருந்தது. அம்மா பிளேயரில் போட்டேன். 'ரீடிங்' என்று வந்தது, அரை நிமிடம் கரகரவென்று சுற்றியது, பிறகு 'நோ டிஸ்க்'. மற்ற இரண்டும் அப்படியே. அவருக்கு ஃபோன் செய்தால், "உங்க பிளேயர்ல லென்ஸ் அழுக்கா இருக்கும், என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் ஓடுது" என்றார். நானும் நம்பி லென்ஸைத் துடைத்தேன், சொன்னால் சிரிப்பீர்கள். கடையில் வாங்கிய பழைய பட டிஸ்க் ஒன்றைப் போட்டதும் அது ஜம்மென்று ஓடியது. அப்போதுதான் உறைத்தது.

டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தால், நான் கொடுத்த அதே எம்பி4 ஃபைல்கள், அதே பெயர்களில், அப்படியே கிடக்கின்றன. அதாவது மனிதர் எதையும் மாற்றவே இல்லை, காப்பி செய்து கொடுத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருள் இருந்தால் அநேகமாக எந்த ஃபைலையும் ஓட்டிவிடும், அதனால் அவர் சொன்னது ஒரு விதத்தில் உண்மைதான். ஆனால் வீட்டு பிளேயருக்கு அது போதாது. அதற்குப் படம் எம்பெக்-2 என்ற பழைய வீடியோ வடிவத்தில் இருக்க வேண்டும், 720-க்கு 576 அளவில் நொடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்), அல்லது 720-க்கு 480 அளவில் 29.97. டிஸ்க்கைத் திறந்தவுடன் 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டரும் அதற்குள் ஐஎஃப்ஓ, பியுபி, விஓபி என்று முடியும் ஃபைல்களும் தெரிய வேண்டும். எம்பி4 தெரிந்தால் அது வெறும் டேட்டா டிஸ்க்.

இதைச் சொன்னதும் குரல் கொஞ்சம் இறங்கியது. "மறுபடி பண்ணித் தரேன்" என்றார். இந்தத் தடவை ஒரே டிஸ்க். மூன்று எதற்கு, ஒன்றிலேயே அடக்கிவிட்டாராம், பெருமையாக வேறு சொன்னார். பிளேயரில் ஓடியது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஓடியதைத்தான் பார்க்க முடியவில்லை. பாட்டி தலையை அசைத்தால் முகம் சதுரம் சதுரமாக உடைகிறது. நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோக்களை டிவி அகலத்துக்கு இழுத்து வைத்ததில் மெலிந்த கிழவி பயில்வான் மாதிரி ஆகிவிட்டார். அதை விட மோசம், சில இடங்களில் வாய் அசைந்து முடிந்த பிறகு குரல் வருகிறது. ஃபோன் வீடியோக்களில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அதைச் சீராக்காமல் மாற்றினால் இப்படித்தான் ஆகும் என்று பிறகு புரிந்தது.

சதுரம் சதுரமாக உடைவதற்குக் காரணம் சாதாரணக் கணக்குதான். சாதா டிஸ்க்கில் 4.7 ஜிபி கொள்ளும் (கம்ப்யூட்டர் அதையே 4.37 என்று காட்டும், அதற்கு யாரையும் திட்டாதீர்கள்). 6 மணி நேரத்தை அதில் திணித்தால் படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்து நொடிக்கு 1.7 மெகாபிட் அளவு தகவல்தான் கிடைக்கும். 2 மணி நேரம் மட்டும் வைத்தால் 5 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கும், பார்க்க நன்றாக இருக்கும். டிவிடி படத்துக்கு உச்ச வரம்பே 9.8 மெகாபிட் என்கிறபோது 1.7-ல் என்ன தெரியும்? ஆக, என் ஃபைல்களுக்கு 3 டிஸ்க் என்ற எண்ணிக்கை சரி, உள்ளே இருந்ததுதான் தப்பு.

இதற்குள் முதல் செட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் ஓரத்தில் எழும்ப ஆரம்பித்துவிட்டது. டிஸ்க் மேல் பேப்பர் ஒட்டவே கூடாது, வேகமாகச் சுற்றும்போது ஆடும், உள்ளே மாட்டிக்கொண்டால் பிளேயரும் போச்சு. மார்க்கரில் பெயர் எழுதினால் போதும்.

கடைசியில் ஒரு சனி ஞாயிறு நானே உட்கார்ந்தேன். முதலில் கிடைத்த மென்பொருள் 'இலவசம்' என்று கூப்பிட்டது, மூன்று மணி நேரம் மாற்றிய பிறகு பார்த்தால் படத்தின் நடுவில் அதன் பெயர் முத்திரை, அதை எடுக்கக் காசு கட்ட வேண்டுமாம். தூக்கிப் போட்டுவிட்டு டிவிடி ஸ்டைலர் என்ற மென்பொருளில் செய்தேன். அது உண்மையிலேயே இலவசம். நிமிர்ந்த வீடியோக்களுக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டேன். முழு டிஸ்க்கையும் ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக எடுத்து, டிஸ்க் எழுதும் மென்பொருளான இம்ஜ்பர்னில் குறைந்த வேகத்தில் எழுதி, சரியாகப் பதிந்ததா என்று 'வெரிஃபை' செய்யவும் விட்டேன். ஒரே முறை எழுதக்கூடிய டிவிடி-ஆர் டிஸ்க்தான் வாங்கினேன். அழித்து மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க் பிளேயரின் ஒளியைக் குறைவாகத் திருப்பும் என்பதால் பழைய பிளேயர்கள் பல அதைப் படிக்கத் திணறும்.

நேரமில்லை, வெளியேதான் கொடுக்கப் போகிறேன் என்றால், முதலில் ஒரே ஒரு டிஸ்க் மட்டும் போடச் சொல்லி, அதை உங்கள் பிளேயரில், நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். ஒரு டிஸ்க்கில் எத்தனை மணி நேரம் வைக்கப் போகிறார் என்று கேளுங்கள், அந்தக் கேள்விக்கே பாதிப் பேர் முழிப்பார்கள். ஃபைல்களின் நகலை மட்டும் கொடுங்கள். என் பென்டிரைவ் இன்றுவரை திரும்பி வரவில்லை, நல்ல வேளை தம்பியிடம் எல்லாம் இருந்தது.

பணமும் வரவில்லை. நான்கு முறை கேட்டதற்கு ஒரே ஒரு பதில் வந்தது: "புது பிளேயர் ஒண்ணு வாங்கிக்கோங்க சார்."