கிட்டார் சிந்தசைசர்: ஒரே சேனலா, கம்பிக்கு ஒரு சேனலா?

கம்பியின் அதிர்வைச் சுரத் தகவலாக மாற்றும் கிட்டார் சிந்தசைசரை, மிடி (இசைக்கருவிகள் சுரத் தகவலைப் பரிமாறும் முறை) வழியாக ஒரு கீபோர்டோடு இணைக்கும்போது ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ஆறு கம்பிகளையும் ஒரே சேனலில் (மிடித் தகவல் போகும் ஒரே பாதையில்) அனுப்பும் பாலி மோடா, கம்பிக்கு ஒரு சேனல் தரும் மோனோ மோடா? இரண்டிலும் வாசித்துப் பார்த்துவிட்டு நான் மோனோ பக்கம் வந்துவிட்டேன்.

பாலி எளிது. கேபிளைச் செருகி, எதிர்முனையில் ஒரு சேனலைத் திறந்தால் போதும். மோனோவுக்கு ஒரே நேரத்தில் ஆறு சேனல்களில் ஒலிக்கக்கூடிய கருவி வேண்டும்.

ஆனால் கம்பியை இழுத்தால் கதையே வேறு. மிடியில் பிட்ச் பெண்ட், அதாவது சுரத்தை வளைக்கும் தகவல், தனிச் சுரத்துக்குப் போவதில்லை, சேனல் முழுவதற்கும் போகிறது. முதல் கம்பியில் ஒரு சுரத்தை ஒலிக்கவிட்டு இரண்டாம் கம்பியை மட்டும் இழுத்துப் பாருங்கள். ஒரே சேனல் என்றால் இரண்டும் சேர்ந்து ஏறும். இதைத் தவிர்க்கத்தான் பல கருவிகள், பாலியில் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து) வாசித்தால் பெண்டை நிறுத்திவிட்டு அரைச்சுரப் படிகளாக அனுப்புகின்றன. வழுக்கிப் போக வேண்டிய ஒலி படிப்படியாகத் தாவும். கிட்டாரைக் கையில் எடுத்ததே அந்த வழுக்கலுக்காகத்தானே! மோனோவில் இழுத்த கம்பி மட்டும் ஏறும், மற்றது அசையாமல் நிற்கும்.

மோனோவில் கவனமாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பெண்ட் அளவை (அதிகபட்சம் எத்தனை அரைச்சுரம் வளையும் என்பதை) இருபுறமும் ஒன்றாக வைப்பது. கிட்டார் பக்கம் 12 அரைச்சுரம் என்றிருக்க, என் கீபோர்டு வழக்கமான 2-இலேயே இருந்தது. இரண்டு அரைச்சுரம் இழுத்தால் அங்கே மூன்றில் ஒரு பங்கு அரைச்சுரம்தான் ஏறியது. கிட்டாரின் சுருதி சரியாக இருந்தும் எல்லாம் கலைந்து கேட்டது. ஒரு மாலை முழுக்க டியூனரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரிசெய்ய, கன்ட்ரோலர் (மிடியில் எண்ணிட்ட கட்டுப்பாட்டுச் செய்தி) 101, 100 இரண்டுக்கும் 0 அனுப்பி, அப்புறம் கன்ட்ரோலர் 6-க்கு 12 அனுப்ப வேண்டும். ஆறு சேனலுக்கும் தனித்தனியாக. ஒன்றை விட்டாலும் அந்த ஒரு கம்பி மட்டும் அபசுரமாகவே பாடும்.

மோனோவில் தகவல் அதிகம் பாயும் என்பது உண்மை. ஐந்து முனை மிடி கேபிளின் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு சுரம் போய்ச்சேர ஏறத்தாழ 1 மில்லிநொடி. ஆறு கம்பியும் சேர்ந்து அதிர்ந்து, பெண்டும் கலந்தால் நெரிசல்தான். யுஎஸ்பி இருந்தால் அதையே எடுங்கள். ஆனால் தாமதத்துக்குக் கேபிளை மட்டும் குறை சொல்ல முடியாது. தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். ஒரு அதிர்வு முடியவே 12 மில்லிநொடி ஆகிறது. அதன் பிறகுதான் கருவிக்குச் சுரம் பிடிபடும். பாஸ் ஒலிகளை ஒரு ஸ்தாயி மேலே வாசித்து, சிந்தில் கீழே இறக்கிக்கொள்கிறேன்.

எம்பிஇ (ஒவ்வொரு சுரத்தையும் தனியாக வளைக்கவிடும் மிடி முறை) வசதியுள்ள மென்பொருளில் சில நாள்தான் வாசித்திருக்கிறேன். சுரத்துக்கு ஒரு சேனல் என்ற அதே எண்ணம்தான் அதிலும்; பெண்ட் அளவு மட்டும் வழக்கமாக 48. அதை வைத்துத் தீர்ப்பு சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை.

பியானோ ஒலிக்கு மட்டும் இன்றும் பாலிக்கு மாறிக்கொள்கிறேன். வளையும் பியானோ காதில் ஒட்டுவதில்லை.