பென்ஸா, பி.எம்.டபிள்யூவா?

வயதில் பென்ஸ்தான் அண்ணன். கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1886-இல். 1888-இல் மனைவி பெர்த்தா, அவரிடம் சொல்லாமலே இரண்டு மகன்களோடு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்கு வண்டியை ஓட்டிப் போனார். வழியில் எரிபொருளுக்கு மருந்துக்கடையில் லிக்ராயின் என்ற கரைப்பானை வாங்கி ஊற்றினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். இதைவிட நல்ல விளம்பரம் ஏது?

பி.எம்.டபிள்யூவோ விமான எஞ்சினில் தொடங்கிய தம்பி. கார் பக்கம் வந்ததே 1928-இல்தான். அப்புறம் 1959-இல் நொடித்துப்போய், பென்ஸ் கார்களைத் தயாரித்த டைம்லர்-பென்ஸ் கைக்கே போகப் பார்த்தது. சிறு பங்குதாரர்கள் முரண்டுபிடிக்க, தொழிலதிபர் ஹெர்பர்ட் குவாண்ட் பணம் போட்டுக் காப்பாற்றினார். 1962-இல் வந்த 1500 என்ற செடான் கம்பெனியை நிமிர்த்தியது.

பின்சீட்டில் சாய்ந்து போகணுமா, பென்ஸ். ஸ்டியரிங்கை நாமே பிடிப்பதென்றால் என் ஓட்டு தம்பிக்குத்தான்.