தமிழ் ஸ்பெல் செக்: வேர்டா, ரைட்டரா?

மொழிபெயர்ப்பு வேலைக்கு, வேர்டைப் போன்ற எழுது மென்பொருளான லிப்ரே ஆபீஸ் ரைட்டர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை: ரைட்டர் இலவசம், கணினியில் நிறுவும் முழு வேர்டுக்குக் காசு.

வேர்டில் ரிவ்யூ, லாங்வேஜ் வழியாகப் போய் பிழை பார்க்கும் மொழியைத் தேர்ந்து ‘செட் ஆஸ் டிஃபால்ட்’ கொடுத்தால் புதிய கோப்புகளுக்கு அது நிலைக்கும். பழைய கோப்புகள் பழைய மொழியிலேயே இருக்கும். தமிழுக்கு மைக்ரோசாஃப்டின் இலவச மொழித் தொகுப்பை நிறுவிக்கொள்ளலாம். ஆங்கில இலக்கணப் பிழையைப் பிடிப்பதில் வேர்ட்தான் கெட்டி.

ரைட்டரின் ஆப்ஷன்ஸில் மேற்கத்திய எழுத்துக்கு ஒரு மொழி, தமிழ் போன்ற எழுத்துகளுக்குத் தனியாக இன்னொரு மொழி என்று வைக்கலாம். முன்னதில் பிரிட்டன் ஆங்கிலம், பின்னதில் தமிழ். ஒரே வரியில் இரண்டும் வந்தாலும் ஒவ்வொன்றும் தன் அகராதியிடம் போகும். ‘கரண்ட் டாகுமெண்ட் ஒன்லி’ டிக்கை மட்டும் கவனியுங்கள். அது இருந்தால் மாற்றம் அந்தக் கோப்போடு நின்றுவிடும்.

ஆனால் நான் ரைட்டர் பக்கம் சாய்ந்தது இதற்காக அல்ல, பிழை என்று காட்டாமலிருக்க நாமே சேர்க்கும் சொந்தச் சொல் பட்டியலைப் பராமரிக்கும் வசதிக்காக. தமிழில் ஒரு ஊர்ப்பெயரைச் சேர்த்தால் வேலை முடிவதில்லை. ‘பேராவூரணி’ சேர்த்த பிறகும் பேராவூரணியில், பேராவூரணிக்கு, பேராவூரணியிலிருந்து என்று ஒவ்வொன்றுக்கும் சிவப்புக் கோடு வரும். ‘பேராவூரணிக்குச் சென்றார்’ என்று ஒற்று சேர்ந்தால் அதற்கும் தனியாக. வேர்டின் பட்டியலில் இவற்றை ஒவ்வொன்றாகத்தான் சேர்க்க வேண்டும். பெயர்கள் நிறைந்த ஒரு புத்தகத்துக்கு இது தீராத வேலை.

ரைட்டரில் 6.0 பதிப்பிலிருந்து ‘கிராமர் பை’ என்றொரு கட்டம் இருக்கிறது. புதுச் சொல்லுக்குப் பக்கத்தில், அதே மாதிரி உருபு ஏற்கும் தெரிந்த சொல் ஒன்றைக் கொடுக்கலாம். பேராவூரணிக்கு ‘திருச்சி’ என்று கொடுத்தால், அகராதி திருச்சிக்கு வைத்திருக்கும் விதிகள் இதற்கும் பொருந்தும். அகராதியில் விதி எவ்வளவோ, பலனும் அவ்வளவுதான். எல்லா வடிவமும் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கை நோவு பாதியாவது குறைகிறது. இதற்கு ஏற்கெனவே இருக்கும் பொதுப் பட்டியல் உதவாது. தமிழ் மொழியைக் குறிப்பிட்டுப் புதிதாக ஒரு பட்டியல் தொடங்கினால்தான் அந்தக் கட்டமே தெரியும். அப்புறம், அந்தப் பட்டியல் சாதாரண எழுத்துக் கோப்பு. வேறு கணினிக்கு மாறும்போது நகலெடுத்துப் போட்டால் போதும்.

இதெல்லாம் விண்டோஸ் அனுபவம். மேக்கில் இரண்டையும் அதிகம் பழகியதில்லை. வேர்ட் கோப்புதான் வேண்டும் என்கிறவர்களுக்கு ரைட்டரிலேயே அந்த வடிவில் சேமித்து, வேர்டில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அனுப்புகிறேன்.