நாற்பது நாள் விடுப்பும் நான்கு பேரின் காகிதங்களும்

பதினோரு ஆண்டுகளாக ஷார்ஜாவில் வேலை பார்க்கும் நான், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வதற்காகவே இந்த முறை பிப்ரவரி நடுவில் மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்கு வந்தேன். அங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். மார்ச் இறுதிக்குள் எல்லாம் கைக்கு வந்தாக வேண்டும் என்ற கணக்கில் நாற்பது நாள் விடுப்பு எடுத்திருந்தேன்.

வந்த மறுநாளே நாகர்கோவிலுக்குப் புறப்பட்ட என்னைத் தடுத்தவர், பக்கத்து வீட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். “மக்களே, ஆபீசு ஆபீசா ஓடுகதுக்கு முன்ன எல்லாப் பேப்பரையும் ஒரு மேசையில விரிச்சுப் போட்டு, பேரை மட்டும் வாசிச்சுப் பாரு” என்றார். அன்று மாலை அப்படியே செய்தோம். மனைவியின் பள்ளிச் சான்றிதழில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் அவள் பெயரும் இருந்தன. திருமணப் பதிவுச் சான்றில் தகப்பனார் பெயர் முழுமையாக இருந்தது. மகளின் பிறப்புச் சான்றில் தாயின் பெயராக வீட்டில் அழைக்கும் பெயர் ஏறியிருந்தது. பாஸ்போர்ட்டிலோ ஒற்றைப் பெயர் மட்டும், குடும்பப் பெயருக்கான கட்டம் காலி. ஊரில் யாருக்கும் உறுத்தாத இந்த வேறுபாடுகள் விசா விண்ணப்பத்தில் நான்கு தனித்தனி பெண்களாகத் தெரியக்கூடும். ஒற்றைப் பெயருள்ள பாஸ்போர்ட்டுடன் வருகை விசாவில் வருவோருக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு விதித்ததும் நினைவுக்கு வந்தது. அதனால் முதலெழுத்தை விரித்துத் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக்கிப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்வது, பிறகு மற்றவற்றை அதற்கு இணங்கச் சரிசெய்வது என்று முடிவு செய்தோம்.

நாகர்கோவில் தலைமை அஞ்சலகத்திலுள்ள பாஸ்போர்ட் சேவை மையத்தைப் பற்றி மனநிறைவோடுதான் எழுத முடிகிறது. முன்பதிவு செய்த நேரத்துக்கு அழைத்தார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு தாயை வரிசையில் முன்னால் விட்டார்கள். குறையிருந்த ஒரு படிவத்தை அங்கேயே திருத்த விட்டார்கள். சிறுவர்களுக்கான பாஸ்போர்ட் ஐந்தாண்டுக்குச் செல்லும், கட்டணம் 1,000 ரூபாய். பெற்றோர் இருவரும் கையொப்பமிட்டு ஒப்புதல் தர வேண்டும் என்பதால், நான் ஊரில் இருக்கும்போதே இதை முடித்தது நல்லதாயிற்று. ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், அவருடைய உறுதிமொழியை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புவதற்கே பல நாட்கள் போய்விடும்.

அதிகம் அலைய வைத்தது மகளின் பிறப்புச் சான்று. எங்கள் விளவங்கோடு பக்கத்துக் குடும்பங்கள் பிரசவத்துக்குக் கேரளத்திலுள்ள பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் போவது இன்றும் வழக்கம். எங்கள் மகளும் எல்லைக்கு அப்பால்தான் பிறந்தாள். பிறப்பு எந்த இடத்தில் நிகழ்ந்ததோ அந்த இடத்து உள்ளாட்சியில்தான் பதிவாகும். எனவே திருத்தம் கேட்கவும், மாநில அரசின் சான்றொப்பம் பெறவும் கேரளத்துக்கே போக வேண்டியிருந்தது. நாகர்கோவிலில் பிறந்த மகனின் சான்றும் எங்கள் திருமணச் சான்றும் தமிழ்நாட்டு அரசின் சான்றொப்பத்துக்காக ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்குப் போயின. மகளுடையது பேருந்தில் ஒன்றரை மணி நேரத்திலுள்ள திருவனந்தபுரத்துக்குப் போனது. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்த மாவட்டம் எங்கள் கன்னியாகுமரி. ஒரே வீட்டுப் பிள்ளைகளின் காகிதங்கள் இன்றும் இரண்டு தலைநகரங்களுக்குப் பயணிக்கின்றன. மகளின் பிறப்பு பதிவான உள்ளாட்சி அலுவலகத்தில் முதல் இரண்டு முறையும் எந்த ஆவணம் குறைகிறது என்பதைச் சொல்லாமலே திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை வேறொரு ஊழியர் தேவையானவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு நாட்களில் திருத்தம் முடிந்தது. அந்தத் தாளை முதல் நாளே கொடுத்திருந்தால், காய்ச்சலோடு இருந்த பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு என் மனைவி வந்து காத்திருக்க வேண்டியிருந்திருக்காது. இதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இடைத்தரகு நிறுவனங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நான் முதலில் அணுகிய ஒருவர், மூன்று சான்றுகளுக்கும் அப்போஸ்டில் முத்திரை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டார். ஒரு நாட்டின் ஆவணத்தை உடன்படிக்கையிலுள்ள மற்ற நாடுகள் ஒரே முத்திரையோடு ஏற்றுக்கொள்வதுதான் அப்போஸ்டில். அந்த உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் இருக்கிறது. சவூதி அரேபியா 2022இல் சேர்ந்தது. அமீரகம் அதில் இல்லாததால் அங்கே அந்த முத்திரை பயன்படாது. மாநில அரசு, நம் வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், இறுதியாக அமீரக வெளியுறவு அமைச்சகம் என்ற வரிசையில்தான் சான்றொப்பம் பெற வேண்டும். எந்த நாட்டுக்குப் போகிறோம் என்று கேட்காமலே விலை சொல்பவரிடம் அசல் ஆவணத்தைக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, சான்றிதழ்களை லேமினேட் செய்யும் பழக்கத்தை நம் ஊரில் விட்டுவிட வேண்டும். அதன் மேல் முத்திரை வைக்க மாட்டார்கள். என் மனைவியின் பட்டச் சான்றிதழிலிருந்து உறையைப் பிரித்தபோது ஓர் ஓரம் கிழிந்தது.

பள்ளியின் மாற்றுச் சான்றிதழில் கல்வி அலுவலரின் மேலொப்பம் இரண்டே நாளில் கிடைத்தது. வெளிநாட்டில் குடியிருக்கப் போவதால் மனைவியின் சேமிப்புக் கணக்கை வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றினோம். அம்மாவின் பெயரில் நான் தர வேண்டிய பொது அதிகாரப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரிலேயே பதிந்துவிட்டேன். அங்கிருந்து எழுதி அனுப்பினால் தூதரகச் சான்று பெற வேண்டும். அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் செலுத்த வேண்டும்.

பயணச்சீட்டைத் திருவனந்தபுரத்திலிருந்து ஷார்ஜாவுக்கு நேரடி விமானத்தில், தேதி மாற்றும் வசதியோடு எடுத்திருந்தேன். கூடுதல் பணம்தான் என்றாலும் மகளின் சான்று வராமல் இருந்த நாட்களில் அதுதான் தூக்கம் தந்தது. களியக்காவிளை வழியாகப் போகும் சாலையின் நெரிசலை நம்ப முடியாது, ஆகவே விமான நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பத் திட்டமிட்டோம். அம்மாவின் மருந்துகளோடு, எல்லா ஆவணங்களின் நகல்களையும் ஒரு கோப்பில் இட்டு அலமாரியில் வைத்து, எது எங்கே என்று மயினியிடம் (அண்ணியிடம்) காட்டிக் கொடுத்தேன்.

தூதரக முத்திரையோடு மகளின் சான்று வந்து சேர்ந்தது, பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு. அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பமும் அரபு மொழிபெயர்ப்பும் ஷார்ஜாவில் பாக்கி இருக்கின்றன. நுழைவு அனுமதியில் இறங்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் குடியிருப்பு விசா வேலைகளை முடிக்க வேண்டும்.