"ஒரே ஆடை, எட்டு விதம்" கார்டிகன்: வாங்கும் முன் இதைப் படிச்சிடுங்க

பெரிய செவ்வகமாக ஒரு பின்னல் துணி, இரண்டு ஓரத்திலும் வரிசையாகப் பட்டன். மாற்றி மாற்றிப் போட்டால் பொன்சோ, ஷ்ரக், ஷால், ஏன், பாவாடைகூட ஆகுமாம். 'மல்டிவே கார்டிகன்' என்று ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கி நொந்துபோய் எழுதுகிறேன்.

பார்சலோடு ஒரு படக்குறிப்பு வந்தது. அதில் மூன்றாவது விதத்துக்குமேல் எந்தப் பட்டன் எந்தத் துளைக்கு என்றே புரியவில்லை. சரி, புரிந்த விதத்திலாவது போடலாம் என்றால், தோளில் நிற்கவே மாட்டேன் என்கிறது. பின்னல் துணி வளையம் வளையமாகக் கோத்தது. சொந்தக் கனத்திலேயே இழுபட்டு இறங்கும். சாதாரண ஸ்வெட்டரில் தோள் தையல் அதைத் தாங்கிப் பிடிக்கும். இதில் தோள் தையலே இல்லை. அக்குள் இடுப்புவரை தாழ்ந்திருப்பதால் கையைத் தூக்கினால் மொத்த ஆடையும் மேலே ஏறுகிறது. மேலே கோட் போட்டால் கைப்பக்கத் துணி முழுக்க முழங்கையில் உருண்டையாகத் திரள்கிறது. தோள்பை மாட்டினாலோ ஆடையின் கழுத்தே ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

மாடலுக்கு மட்டும் எப்படி அவ்வளவு கச்சிதமாக நிற்கிறது? ஆடைப் படப்பிடிப்பில் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்குவது வழக்கமான வேலை. அந்த விற்பனைப் பக்கத்தில் முதுகைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை.

இதுவரைகூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து நடந்ததுதான் அநியாயம். தொங்குகிறது என்று புகார் செய்தேன். "கம்பளி அப்படித்தான் மேடம், ஸ்டீம் அயர்ன் போடுங்க, செட் ஆகிடும்" என்று சாட்டில் பதில் வந்தது. போட்டேன். ஓரம் அலை அலையாக விரிந்து, துணி துவண்டு, இன்னும் ஒரு சாண் நீண்டது. உள்தையலில் பொடி எழுத்தில் இருந்த லேபிளைப் பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால், 100% அக்ரிலிக், அதாவது முழுக்கச் செயற்கை நூல்! கம்பளிக்கு நீராவி காட்டிப் படிய வைக்கலாம். அக்ரிலிக் சூட்டில் இளகித் தளர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது. திருப்பி அனுப்புகிறேன் என்றதற்கு, "பயன்படுத்திய பொருளை ஏற்க முடியாது" என்றார்கள். அயர்ன் போடச் சொன்ன அதே ஆட்கள்!

வாங்கித்தான் ஆவேன் என்பவர்கள், முதுகுப் பக்கப் படமும் கையைத் தூக்கி நடக்கும் வீடியோவும் கேளுங்கள். 'கம்பளி', 'வுல் ஃபீல்' (கம்பளி மாதிரி) என்ற வார்த்தைகளை நம்பாமல் நூலின் சதவீதத்தை எழுத்தில் வாங்குங்கள். கையில் வந்ததும் முதலில் லேபிளைப் படமெடுத்துவிட்டு அப்புறம் போட்டுப் பாருங்கள். லேபிள் சொல்வதும் விளம்பரம் சொல்வதும் வேறாக இருந்தால், அதுதான் உங்கள் ஆதாரம். சந்தேகமிருந்தால் ஓரத்தில் தொங்கும் சிறு நூலைப் பாதுகாப்பாகக் கொளுத்திப் பாருங்கள்: கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் பொடியாகும், அக்ரிலிக் உருகிக் கட்டியாக இறுகும்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு: பின்கழுத்திலிருந்து தோள்வரை உட்புறமாக மெல்லிய பருத்தி நாடா ஒன்றைத் தைத்துவிடுங்கள், இறங்குவது ஓரளவு நிற்கும். ஹேங்கரில் மாட்டாமல் மடித்தே வையுங்கள். அந்தப் பாவாடை விதத்தை மட்டும் வெளியே போகும்போது முயற்சி பண்ணாதீங்க, ப்ளீஸ்.