எச்சரிக்கை: கூலன்ட் லீக்குக்கு 46,800 ரூபாய் வாங்கிக்கொண்டு எம்-சீல் வைத்து அடைத்துக் கொடுத்திருக்கிறார்கள்

பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வைத்திருக்கிறவர்கள், முக்கியமாக மலையில் ஓட்டுகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். நேற்று ராத்திரி பதினொன்றரைக்குத்தான் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. வேலைக்கு விடும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என்னுடையது 2001 மாடல் டீசல் ஜீப், அப்பா வாங்கியது. கோத்தகிரி பக்கம் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கிறோம். மழை நாளில் பச்சை இலை மூட்டையோடு தோட்டத்துப் பாதையில் ஏற இந்த மாதிரி வண்டி இல்லாமல் முடியாது. இரண்டு மாதமாகக் காலையில் வண்டியை எடுத்தால் முன்பக்கம் தரையில் பச்சையாக ஒரு திட்டு. தொட்டால் வழவழப்பு, ஒரு மாதிரி இனிப்பு வாசனை. இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் வாரத்துக்கு அரை லிட்டர் குறைந்துகொண்டே வந்தது. எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்த உடனே, "வாட்டர் பம்ப் சீல் போயிருக்கு, நாலாயிரம் ஐயாயிரத்துல முடிஞ்சிடும், பொண்ணு கல்யாணம் முடிச்சுட்டு வந்து மாத்தித் தரேன்" என்றார். அம்மாவுக்குக் கோவையில் கண் ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்ததால் நான் காத்திருக்கவில்லை.

கோவை புறநகரில் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப். பழைய ஜீப்புக்கு என்றே இருக்கிறோம் என்று வீடியோ போடுகிறவர்கள். போன உடனே அந்தத் தம்பி போனட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அப்பா வண்டிங்களாண்ணா? அப்ப இது வண்டி இல்லீங்க, வீட்டுல ஒரு ஆளுங்க" என்றார். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. அந்த ஒரு வார்த்தையில் நான் சாவியைக் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் அவர் சொன்ன எதையும் நான் கேள்வி கேட்கவில்லை.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீர் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, "குமிழி வருது பாருங்க, ஹெட் கேஸ்கட் போயிருச்சு" என்றார். இன்ஜினுக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற தகடு அது; போனால் எரிகிற வாயு கூலன்ட்டுக்குள் வந்து குமிழி விடும். அப்போதுதான் தண்ணீர் ஊற்றியிருந்தால் உள்ளே இருக்கிற காற்றும் குமிழியாகத்தான் வரும் என்று இப்போது தெரிகிறது. மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் கருகிப்போன ஒரு கேஸ்கட் போட்டோ வந்தது. "நல்ல நேரத்துல கொண்டாந்தீங்கண்ணா, இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தா இன்ஜின் பிடிச்சிருக்கும்." நான் நன்றி வேறு சொன்னேன்.

ஹெட் கேஸ்கட், லேத்தில் ஹெட்டைச் சமமாகத் தேய்க்கிற ஃபேசிங், புது ரேடியேட்டர் கோர், புது வாட்டர் பம்ப், ஹோஸ், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 46,800 ரூபாய். 30,000 அட்வான்ஸ், வண்டி எடுக்கும்போது 16,800. பழைய சாமான் எங்கே என்றால், "ஸ்கிராப்காரன் காலைலயே எடுத்துட்டுப் போயிட்டானுங்க." பில் கேட்டால், "ஜிஎஸ்டி பில்லுன்னா 18 பர்சென்ட் சேத்தி ஆகும், எதுக்குங்கண்ணா வீணா." ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

பன்னிரண்டு நாள் நன்றாகத்தான் ஓடியது. நேற்று அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து திரும்பி வருகிறோம். சாயங்காலம் ஏழு மணி, கோத்தகிரி மலை ரோட்டில் குஞ்சப்பனை தாண்டி ஒரு வளைவு. முன்னால் கடகடவென்று இரும்பை அரைக்கிற சத்தம், அடுத்த நொடி போனட் இடுக்கெல்லாம் ஆவி. ஒரு கண்ணில் கட்டோடு அம்மா. பனி இறங்குகிறது. இது பலாப்பழ சீசன், அந்தப் பக்கம் யானை எந்த நேரமும் ரோட்டுக்கு வரும். இலை லாரி ஓட்டி வந்த ஒரு தம்பி, எங்கள் மெக்கானிக் அண்ணன் பிக்கப்போடு வந்து சேரும் வரைக்கும் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு இரண்டரை மணி நேரம் எங்களோடேயே நின்றார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

இன்று காலை அண்ணன் டார்ச் அடித்துக் காட்டினார். புது பம்ப் என்றார்களே, அது பழைய பம்ப்பேதான். பம்ப்புக்கு அடியில் சுண்டுவிரல் நுனிகூட நுழையாத ஒரு ஓட்டை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் அந்த வழியாகச் சொட்டி நமக்குக் காட்டிக்கொடுக்கும். அந்த ஓட்டையில் எம்-சீல் உருட்டி வைத்து, மேலே கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். அண்ணன் ஸ்குரூடிரைவரால் நெம்பியதும் உருண்டையாக விழுந்தது; அதில் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. வெளியே போக வழியில்லாத கூலன்ட் பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கழுவி எடுத்துவிட்டது. என் வண்டியில் ஃபேன் பம்ப் ஷாஃப்ட்டிலேயே மாட்டியிருக்கும். பேரிங் ஆட்டம் கண்டதும் ஃபேன் போய் ரேடியேட்டரைக் கிழித்துவிட்டது.

அதுவும் பழைய ரேடியேட்டர்தான். ஓட்டையை அடைக்கப் போடுகிற லீக் ஸ்டாப் பவுடர் உள்ளே சேறு மாதிரி அடைத்திருக்கிறது. வழியில் மாட்டிக்கொண்டால் மஞ்சள் தூள் போட்டு ஒப்பேற்றி ஊர் வந்து சேருவதை அப்பாவே செய்திருக்கிறார். அது அவசரத்துக்கு. அதைச் செய்துவிட்டு ரேடியேட்டர் மாற்றியதாகக் காசு வாங்குவது வேறு. இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் வைக்கிற தெர்மோஸ்டாட்டையும் கழற்றிப் போட்டிருக்கிறார்கள், அதனால்தான் டெம்பரேச்சர் மீட்டர் முள் இத்தனை நாளும் கீழேயே நின்றது. ஹெட் போல்ட்டில் பழைய பெயின்ட்டும் துருவும் அப்படியே இருக்கின்றன, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. அந்த வாட்ஸ்அப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கேஸ்கட்டில் சிலிண்டருக்கு ஒன்றாக மூன்று வட்டம். என் இன்ஜின் நான்கு சிலிண்டர்.

ஒன்பது மணிக்கு அந்த ஒர்க்‌ஷாப் தம்பிக்குப் போன் செய்தேன். "மலையில லோடோட ஏத்துனீங்களாண்ணா? ஓட்டுற விதத்துல இருக்குங்க." அம்மாவையும் ஒரு பையையும் தவிர வண்டியில் எதுவும் இல்லை என்றேன். "பழைய வண்டிக்கு நாங்க கேரன்டி தர்றதில்லீங்க." எம்-சீல் போட்டோ அனுப்பியதும், "வண்டிய இங்க கொண்டாங்க, பாக்கலாம்." மறுபடி அழைத்தால் மாஸ்டர் லீவு. அப்புறம் எடுக்கவே இல்லை. மெசேஜில் நீல டிக் மட்டும் விழுகிறது. மனைவி போனிலிருந்து அடித்தேன். என் குரல் கேட்டதும், ராங் நம்பர் என்று வைத்துவிட்டார். அதே குரல்தான்.

46,800 ரூபாய். பச்சை இலை விற்கிற விலைக்கு அதைச் சேர்க்க எத்தனை மாதம் ஆனது என்று எனக்குத்தான் தெரியும். இனி ரேடியேட்டரும் பம்ப்பும் உண்மையாகவே புதிதாக வாங்க வேண்டும். ஹெட் வளைந்திருக்கிறதா என்பது திறந்தால்தான் தெரியும்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். லீக் என்றால் முதலில் பிரஷர் டெஸ்ட் (ரேடியேட்டருக்குள் காற்றடித்து அழுத்தம் ஏற்றுவது) போட்டு எங்கே ஒழுகுகிறது என்று கண்ணால் பாருங்கள், அதற்கு முன்னால் ஹெட்டைத் திறக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். கழற்றிய சாமானைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில் கட்டாயம். மலையில் கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீரை நம்பாதீர்கள், 6,000 அடி உயரத்தில் திறந்த பாத்திரத்தில் அது 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்துச் சீக்கிரம் கொதிக்க விடாமல் தடுக்கிற ரேடியேட்டர் மூடி ரப்பரையும் பாருங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் இல்லை. போடப் போகிறேன். அந்த எம்-சீல் உருண்டையை ஒரு கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை அம்மாவைச் செக்கப்புக்குக் கூட்டிப்போக வேண்டும், பஸ்ஸில்தான்.