தேனீப் பெட்டிக்கான புரோபயாடிக் பொடி: வாங்கலாமா?

தேனீயின் குடலுக்கு நல்லது என்று விற்கும் இந்த நல்ல பாக்டீரியாப் பொடியை வாங்குமுன் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். லாக்டோபேசில்லஸ் அசிடோபிலஸ், என்டரோகாக்கஸ் ஃபீசியம், பேசில்லஸ் சப்டிலிஸ்: அடிக்கடி கண்ணில் படும் பாக்டீரியாப் பெயர்கள் இவைதான். மனிதருக்கான மாத்திரையிலும் கால்நடைத் தீவனத்திலும் சேர்ப்பவை. தேனீயின் குடலில் குடியிருப்பவை வேறு.

வேலைக்காரத் தேனீ ஒன்றின் குடலில் சுமார் 100 கோடி பாக்டீரியா உண்டு, பெரும்பகுதி பின்குடலில். ஸ்னாட்கிராசெல்லா ஆல்வி குடல் சுவரை ஒட்டிப் படர்ந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். அதன் மேல் படியும் கில்லியமெல்லா அபிகோலா, மகரந்தத்தின் செல்சுவரில் உள்ள பெக்டினை உடைக்கும். இரண்டுக்கும் 2013-ல்தான் பெயர் வைத்தார்கள். இந்த அடுக்கில் வெளியாருக்கு இடம் கிடைப்பது அரிது. ஊட்டும்வரை பொடியின் பாக்டீரியா குடலில் தென்படும். நிறுத்தினால் கழிவோடு போய்விடும். ஆகவே "குடலை மீட்டெடுக்கும்" என்ற விளம்பரத்தை நம்பி வாங்க வேண்டாம் என்பதே என் தீர்ப்பு.

ஏற்கெனவே வாங்கியிருந்தால், கொதித்து இறக்கிய 1 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ சர்க்கரையைக் கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே இறங்கியபின் பொடியைக் கலக்குங்கள். சூடான பாகில் போட்டால் லாக்டோபேசில்லஸ் செத்துவிடும். பேசில்லஸின் வித்துகள் மட்டும் மிஞ்சும். ஒரே நாளில் தேனீக்கள் குடித்துத் தீர்க்கும் அளவுக்கு மேல் கலக்காதீர்கள். மிஞ்சிய பாகு நுரைத்துப் புளித்தால் தேனீக்களுக்குக் கழிச்சல் வரும். பெட்டிப் பலகையில் பழுப்புக் கறை தெரியும். பாகில் கலக்காமல் பொடியைச் சர்க்கரைத் தூளோடு சேர்த்துத் தூவுவதாக இருந்தால் வீட்டில் அரைத்த சர்க்கரை போதும். கடை ஐசிங் சர்க்கரையில் சோளமாவு கலந்திருக்கும், அது தேனீக்குச் செரிக்காது.

உண்மையில் வேலை செய்வது செலவில்லாத வழி. அறையைக் கடித்து வெளிவரும் இளம் தேனீயின் குடலில் பாக்டீரியா அநேகமாக இருக்காது. முதல் சில நாட்களில் கூட்டுத் தேனீக்களிடமிருந்தும் அவற்றின் கழிவிலிருந்தும்தான் பெறும். அதனால் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்து நலிந்த பெட்டிக்கு, பொடிக்குப் பதில், மூடியிட்ட புழு அறைகள் உள்ள அடை ஒன்றை, புழுக்களுக்கு ஊட்டும் செவிலித் தேனீக்களோடு சேர்த்துக் கொடுங்கள். தேனீக்களை உதறிவிட்டு வெறும் அடையை மட்டும் வைத்தால், முக்கியமான அந்த இரண்டு பாக்டீரியாவும் சரியாகப் போய்ச் சேராது. ராணி அதில் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடை கொடுக்கும் பெட்டி நோயற்றதாக இருக்க வேண்டும், இதில் சலுகையே கிடையாது. புழுக்களைக் கொல்லும் அமெரிக்கன் ஃபவுல்புரூட் நோயின் வித்துகள் பல பத்தாண்டுகள் அடையிலேயே கிடக்கும். புழு அறையில் குழிந்த, ஓட்டை விழுந்த மூடி கண்ணில் பட்டால் உள்ளே தீக்குச்சியை விட்டு மெல்ல இழுங்கள். பழுப்பு நிறத்தில் நூலாக இழுபட்டால், அந்தப் பெட்டியிலிருந்து ஓர் அடைச் சட்டம்கூட வெளியே போகக் கூடாது.